இங்கினியாகலையின் அனுமதிப்பத்திரமும் மட்டக்களப்பு வாவியின் கணக்கும்

அணைக்கட்டு ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மில் பெரும்பாலோர் அது கட்டப்பட்ட காலத்தைப் பற்றியே பேசுவோம். யாருடைய காணி போனது, யார் குடியேற்றப்பட்டார்கள், எவ்வளவு செலவானது என்பவை அந்தப் பேச்சில் வரும். கட்டி முடிந்த பின் அணை மலையைப் போல, நிரந்தரமான ஒன்றாக நம் மனதில் நின்றுவிடுகிறது. ஆனால் நீர்மின் நிலையம் மலையல்ல. அது ஒரு சட்டத்தின் கீழ், ஓர் அனுமதிப்பத்திரத்தின் கீழ், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு இயங்கும் ஓர் ஆலை. அந்த அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போது, அல்லது ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது, ஆற்றுக்கும் அதன் கடைசியில் இருக்கும் மக்களுக்கும் என்ன நேர்ந்தது என்று கேட்கும் வாய்ப்பு ஒருமுறை வருகிறது. அந்த வாய்ப்பு எப்படிப்பட்டது, அதில் எதையெதை எடைபோட வேண்டும், மட்டக்களப்பு வாவிக்கு அதில் என்ன பங்கு என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஆறும் அணையும் வாவியும்

கிழக்கில் மின்சாரம் தரும் பழைய பெரிய அணை இங்கினியாகலையில் இருக்கிறது. நாம் பட்டிப்பளை ஆறு என்று சொல்லிவந்த கல்லோயாவை மறித்து, 1949இல் உருவாக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் அது கட்டப்பட்டது. மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி கட்டுமானத்தைச் செய்தது. 1951இல் அணை நிறைவடைந்தது. அதன் பின்னால் தேங்கிய நீர்ப்பரப்புக்கு அன்றைய பிரதமரின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ 950 மில்லியன் கனமீற்றர் நீரைக் கொள்ளும் இந்த நீர்த்தேக்கமே இன்றும் நாட்டின் மிகப் பெரியது. அதைச் சூழ்ந்த காடு 1954இல் கல்லோயா தேசிய பூங்காவானது.

அணையின் அடிவாரத்தில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அதன் கொள்ளளவு 11 மெகாவாட்டை ஒட்டியது. முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 11,000 அலகு மின்சாரம் கிடைக்கும். நாட்டின் மொத்த மின் உற்பத்திக் கொள்ளளவில் இது ஒரு வீதத்தை விடவும் குறைவு.

கல்லோயா நேராக மட்டக்களப்பு வாவியில் விழும் ஆறு அல்ல. அது கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. வாவியின் வடபுறத்துக்கு முந்தனையாறும் அதைச் சேர்ந்த ஓடைகளும் நீர் கொண்டுவருகின்றன. அப்படியிருக்க இங்கினியாகலைக்கும் வாவிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால் வழியாக வருகிறது. அணையிலிருந்து வடக்காகச் செல்லும் அந்த வாய்க்கால் பாயும் வயல்களின் வடிச்சல் நீர், வெல்லாவெளி, மண்டூர், கிட்டங்கிப் பக்கமாக வாவியின் தென்கோடிக்கு வந்து சேர்கிறது. அணை வருவதற்கு முன் மாரியில் மட்டும் பெருகி வந்து கோடையில் வற்றிப்போன ஓடைகள், அணை வந்த பின் சிறுபோகத்திலும் நீரைக் கொண்டுவரத் தொடங்கின. அந்த நீரோடு வயலுக்குப் போட்ட உரமும் அடித்த மருந்தும் வருகின்றன.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆனால் ஆழம் மிகக் குறைவு; பல இடங்களில் ஓரிரு மீற்றர்தான். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் கிடக்கும் இந்த நீர்ப்பரப்புக்கு உயிர் கொடுப்பது நன்னீரும் கடல்நீரும் கலக்கும் அளவு. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் உள்ள இரு முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் வருகிறது. மாரியில் ஆற்று வெள்ளம் மணல் மேட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும். கோடையில் மணல் மூடிக்கொள்ளும். இறாலின் குஞ்சுகள் கடலிலிருந்து இந்த வாய்கள் வழியாக உள்ளே வந்து, கண்டல் வேர்களுக்கு இடையில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. எந்த மாதத்தில் எவ்வளவு நன்னீர் வருகிறது, எந்த நாளில் வாய் திறக்கிறது என்பதுதான் வாவி மீனவரின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

அணை என்பது நீர் வரும் காலத்தை மாற்றும் ஒரு கருவி. ஆகவே மேட்டில் எடுக்கப்படும் தீர்மானம் ஒவ்வொன்றும், அளவில் கூடியோ குறைந்தோ, வாவியின் உப்பில் எழுதப்படுகிறது.

உரிமம் புதுப்பித்தல் என்றால் என்ன?

இதை ஒழுங்கான சட்ட நடைமுறையாக வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா. அங்கே 1920ஆம் ஆண்டின் கூட்டாட்சி மின்வலுச் சட்டத்தின்படி, அரசுக்குச் சொந்தமில்லாத நீர்மின் அணைகளுக்கு 30 முதல் 50 ஆண்டுகள் வரையான உரிமம் மட்டுமே கொடுக்கப்படுகிறது. ஆறு மக்களின் பொதுச் சொத்து, கம்பனிக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை தவணைக்குத்தான் என்பதே அதன் அடிப்படை. தவணை முடிய ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அணைக்காரர் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளில் மீன், நீரின் தரம், கரையோர நிலம், பழங்குடி மக்களின் உரிமை, படகோட்டம் என ஒவ்வொன்றும் ஆராயப்படுகிறது.

1986இல் அந்தச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் முக்கியமானது. மின்சாரத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை மீனுக்கும் வனவிலங்குக்கும் சுற்றாடலுக்கும் கொடுக்க வேண்டும் என்று அது ஆணைக்குழுவைக் கட்டாயப்படுத்தியது. அதன் விளைவு பதினோரு ஆண்டுகளில் தெரிந்தது. மெயின் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837இல் கட்டப்பட்ட எட்வேர்ட்ஸ் அணையின் உரிமத்தைப் புதுப்பிக்க 1997 நவம்பரில் ஆணைக்குழு மறுத்தது. அந்த அணை தந்த மின்சாரம் வெறும் 3.5 மெகாவாட். அதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் மீன் கூட்டங்கள் 160 ஆண்டுகளாக மறிக்கப்பட்டிருந்தன. மீன் ஏறிச்செல்லும் வழி ஒன்றை அமைக்கும் செலவு, அணையை அகற்றும் செலவை விடக் கூடுதலாக இருந்தது. 1999 ஜூலை 1ஆம் திகதி அணை உடைக்கப்பட்டது. மீன்கள் திரும்பி வந்தன.

எட்வேர்ட்ஸ் கதையைச் சொல்வது இங்கினியாகலையையும் உடைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அந்த அணை மின்சாரத்துக்காக மட்டும் நின்றது. இங்கினியாகலையை நம்பிப் பல்லாயிரக்கணக்கான ஏக்கர் வயல் இருக்கிறது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக விவசாயிகள் அந்த நீரில் வாழ்கிறார்கள். அணை இருக்கத்தான் போகிறது. அப்படி இருக்கப்போகும் அணை எந்த நிபந்தனைகளின் கீழ் இயங்க வேண்டும் என்பதே நம்முடைய கேள்வி. அமெரிக்காவிலும் உரிமம் புதுப்பிக்கப்பட்ட அணைகளில் மிகப் பெரும்பாலானவை நின்று இயங்குகின்றன. மாறியது அவற்றின் நீர் திறக்கும் முறை.

இலங்கைச் சட்டம் எங்கே நிற்கிறது?

நமது நாட்டில் மின் உற்பத்திக்கான அனுமதிப்பத்திரத்தை 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கையில் கொடுத்தது. புதுப்பிக்கத்தக்க வலுத் திட்டங்களுக்கு, 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். சுற்றாடல் பக்கத்தில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்ற கடப்பாட்டை அதில் சேர்த்தது 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம். எந்தெந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் வந்தது.

அந்தப் பட்டியலில் நீர்மின் நிலையங்களுக்கான எல்லை 50 மெகாவாட். அதற்கு மேற்பட்டவை கட்டாயம் மதிப்பீட்டுக்குள் வரும். சிறியவை உணர்திறன் மிக்க இடங்களில் அமைந்தால் மட்டும் வரும். இந்த ஏற்பாடு முழுவதும் புதிதாகக் கட்டப்படும் திட்டத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அங்கீகாரம் பெற்ற திட்டமொன்றில் மாற்றம் செய்தால் மீண்டும் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 1951இல் கட்டி முடிந்த அணைக்கு 1988இல் வந்த சட்டம் ஒருபோதும் அங்கீகாரம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. இங்கினியாகலை எந்தக் கேள்வியும் கேட்கப்படாமலே இரண்டு சட்டங்களுக்கும் இடையில் நின்றுவிட்டது.

புதிதாகக் கட்டும்போது கேள்வி கேட்டால் பலன் கிடைக்கும் என்பதற்குத் தலவாக்கலை சாட்சி. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம், சென் கிளேயர் நீர்வீழ்ச்சியை வற்றவைத்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதனால் பகல் வேளையில் அருவிக்கு நீர் விட வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்றானது. அருவி பழைய அருவியாக இல்லை என்பது உண்மை. ஆனால் நீர் விடும் கடமை எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருந்தால்தான் மீறப்படும்போது ஒருவர் போய்க் கேட்க முடியும்.

புதுப்பித்தல் என்ற கேள்வி நாட்டின் மறுபக்கத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. 1996இலிருந்து தேசிய மின்வலையில் இணைக்கப்பட்ட தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் முதலில் 15 ஆண்டு உடன்படிக்கையில் மின்சாரம் விற்றன. இன்று அவ்வாறானவை 200க்கும் மேல். அணைக்கட்டிலிருந்து நீரைக் குழாயில் திருப்பி, கீழே கொண்டுபோய் விடுவது அவற்றின் முறை. இடைப்பட்ட ஆற்றுத் துண்டு வறண்டு போகும் என்பதே அவற்றின் மீதான பெரிய குற்றச்சாட்டு. உடன்படிக்கை முடிந்து புதுப்பிக்கப்படும்போது பேசப்படுவது பெரும்பாலும் ஓர் அலகின் விலை. ஆற்றுத் துண்டு அந்த மேசைக்கு வருவதில்லை.

இப்போது ஒரு புதிய சந்தர்ப்பம் வந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் மின்சார சபையின் பொறுப்புகளைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கின்றன. நிலையங்கள் கைமாறும்போது அவற்றின் அனுமதிகளும் மறுபடி எழுதப்பட வேண்டியவை. பெயரை மட்டும் மாற்றி எழுதுவதா, அல்லது ஆற்றையும் ஒருமுறை பார்த்து எழுதுவதா என்பதுதான் தெரிவு.

எந்த நாளோடு ஒப்பிடுவது?

சுற்றாடல் தாக்கத்தை எடைபோடுவதற்கு ஓர் ஒப்பீட்டுப் புள்ளி வேண்டும். புதிய திட்டத்தில் அது எளிது: கட்டுவதற்கு முன் இருந்த ஆறு ஒரு பக்கம், கட்டிய பின் இருக்கப்போகும் ஆறு மறுபக்கம். பழைய அணைக்கு அனுமதியைப் புதுப்பிக்கும்போது எந்த ஆற்றோடு ஒப்பிடுவது? 1948இன் பட்டிப்பளையோடா, இன்றைய கல்லோயாவோடா?

அமெரிக்க ஆணைக்குழு இன்றைய நிலையையே அடிப்படையாக எடுக்கிறது. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நிர்வாக வசதிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அணை எழுபது ஆண்டுகளாகச் செய்த மாற்றம் எல்லாம் இயல்பு நிலை என்ற கணக்கில் போய்விடும். அனுமதியைத் தொடர்ந்தால் புதிதாக எந்தத் தீங்கும் இல்லை என்று ஓர் அறிக்கை எளிதாகச் சொல்லிவிடும். ஆற்று வெள்ளத்தின் வேகம் குறைந்து முகத்துவாரம் அடைபடுவதும், தென்கோடியில் நீர் நன்னீராகி ஆற்றுவாழை படர்வதும், ஆற்றின் மேற்பகுதிக்கு ஏற முடியாமல் விலாங்கு நின்றுவிடுவதும் அந்தக் கணக்கில் பூச்சியம்.

மறுபுறம், 1948ஐ அடிப்படையாக வைப்பதும் நேர்மையான கணக்கு ஆகாது. வாவியை மாற்றியது அணை மட்டுமல்ல. யுத்த காலத்தில் கண்டல் வெட்டப்பட்டது. 2004 சுனாமி கரையைப் புரட்டியது. நகரின் கழிவு நீர், கரையை நிரப்பிக் கட்டிய கட்டடங்கள், தடைசெய்யப்பட்ட வலைகள் என எல்லாம் சேர்ந்துதான் இன்றைய வாவி. முந்தனையாற்றுப் பக்கம் உள்ள குளங்களும் வயல்களும் வடக்கு வாவியை மாற்றியிருக்கின்றன. எல்லாப் பழியையும் இங்கினியாகலையின் மேல் போட்டால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஆகவே நான் முன்வைக்கும் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய ஆற்றைத் திரும்பக் கொண்டுவருவது இலக்கல்ல. ஆனால் பழைய ஆறு எப்படி இருந்தது என்பது பதிவில் இருக்க வேண்டும். மழை, நீர்மட்டம், வெள்ளம் பற்றிய பழைய அரச பதிவுகளும், முதிய மீனவரின் ஞாபகமும் அதற்கு உதவும். அந்தப் பதிவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இன்று செய்யக்கூடிய எந்த மாற்றம் எந்த இழப்பைக் குறைக்கும் என்று கேட்பதே எடைபோடல்.

அணையும் சுழலியும்: இரண்டு கணக்குகள்

இங்கினியாகலையில் தனித்துப் பார்க்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அங்கே மின்சாரம் முதன்மை நோக்கம் அல்ல. வயலுக்குத் திறக்கப்படும் நீர் சுழலிகள் வழியாகப் போகிறது. அந்த நீரின் அளவைப் பொறுத்தே மின்சாரம் கிடைக்கிறது. விக்டோரியாவிலோ கொத்மலையிலோ மின்சாரத் தேவையைப் பார்த்து நீர் திறப்பதைப் போல அல்ல இது.

இதனால் எடைபோடும்போது இரண்டு கணக்குகளைப் பிரிக்க வேண்டும். முதலாவது, அணை இருப்பதாலும் நீர்ப்பாசனம் நடப்பதாலும் வரும் தாக்கம். மண் தேங்குவது, வெள்ளம் மட்டுப்படுவது, மீனின் பாதை அடைபடுவது, வடிச்சல் நீர் பெருகுவது எல்லாம் இதில் வரும். சுழலியை நாளைக்கே நிறுத்தினாலும் இவை போகா. இரண்டாவது, மின் உற்பத்தியால் மட்டும் வரும் தாக்கம். நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் நீரில் ஒட்சிசன் குறைவு. மாலை நேர மின் தேவைக்காகச் சில மணித்தியாலம் கூடுதலாக ஓட்டி, பின் திடீரென்று நிறுத்தினால் கீழே நீர்மட்டம் ஏறி இறங்கும். இவற்றைச் சிறிய செலவில் திருத்த முடியும்.

முதல் கணக்கு பெரியது. ஆனால் அதற்கான அனுமதிப்பத்திரம் யாரிடமும் இல்லை. நீர்ப்பாசனம் அனுமதி வாங்கி நடப்பதல்ல. அனுமதிப்பத்திரம் இருப்பது சிறிய கணக்கான மின்சாரத்துக்கு. ஆகவே மின்சார அனுமதியைப் புதுப்பிக்கும் தருணம் பெரிய கணக்கைப் பற்றிப் பேசுவதற்கான ஒரே சட்டபூர்வமான மேசையாக இருக்கிறது. இதைத் தவறவிட்டால் இன்னொரு மேசை எப்போது போடப்படும் என்று சொல்ல முடியாது.

மேசை போட்டால் யார் அமர்வது என்பதும் எளிதல்ல. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. அணை அம்பாறையில். வாவியின் பெரும்பகுதி மட்டக்களப்பில். இங்கினியாகலையிலிருந்து எப்போது எவ்வளவு நீர் என்று தீர்மானிக்கும் கூட்டம் ஒரு மாவட்டத்தில் நடக்கிறது. பாலமீன்மடு முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று வாதாடும் கூட்டம் இன்னொரு மாவட்டத்தில் நடக்கிறது. வாவி பெருகிப் படுவான்கரை வட்டைகள் மூழ்கும்போது விவசாயி முகத்துவாரத்தை உடனே வெட்டச் சொல்கிறார். அவசரப்பட்டு வெட்டினால் நீர் வடிந்து மீன் போய்விடும், உப்பும் ஏறும் என்று மீனவர் மறுக்கிறார். இருவரும் தங்களுக்குள் முட்டிக்கொள்கிறார்கள். மேலே திறக்கப்பட்ட நீரைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச ஆள் இல்லை.

இந்த இடத்தில் கல்லோயாவின் அரசியலையும் மறைக்க முடியாது. குடியேற்றத்தோடு பிணைந்து பிறந்த திட்டம் இது. 1956இல் அங்கே தமிழர்கள் மீது நடந்த வன்முறை நம் நினைவில் இருக்கிறது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகளும் கடைசிப் பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளுமாக அமைந்ததால், நீர்ப்பங்கீடு இனக் கேள்வியாகவும் மாறியது. ஆனால் அதே வாய்க்காலில் வேறொரு அனுபவமும் உண்டு. 1981இல் இடதுகரைப் புனரமைப்பு நடந்தபோது நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவாக இருந்தது. விவசாயிகளை ஒழுங்கமைக்க இளைஞர்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறை வைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்பட்டதைக் கடைசிப் பகுதிக்கு விடத் தொடங்கினார்கள். நோர்மன் அப்ஹோஃப் என்ற கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் இதை ஒரு நூலாகவே எழுதினார். கடைசி வயலில் இருப்பவரின் முகம் தெரிந்தால் தலைமடைக்காரரும் நீரை விடுவார் என்பது கல்லோயாவிலேயே நிரூபிக்கப்பட்ட ஒன்று. அன்று அந்த ஏற்பாடு கடைசி வயலோடு நின்றது. அதை வாவி வரைக்கும் நீட்டவேண்டும்.

முன்மாதிரியும் மாறிவிட்டது

கல்லோயா அபிவிருத்திச் சபை, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தது. 1933இல் தோன்றிய அந்த அதிகாரசபை அரச நிறுவனம் என்பதால் உரிமம் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இருந்தும் 1991இல் அது தன் அணைகளின் இயக்கத்தை மறுபரிசீலனை செய்தது. அணைகளின் கீழே எப்போதும் ஓடவேண்டிய குறைந்தபட்ச நீரை நிர்ணயித்தது. 16 அணைகளில் நீரின் ஒட்சிசன் அளவை உயர்த்த ஏற்பாடு செய்தது. ஐந்து ஆண்டுகளில் அந்த வேலை முடிந்தது. பின்னர் 2004இல் நீர்த்தேக்கங்களின் இயக்கம் முழுவதையும் சுற்றாடல் தாக்க அறிக்கை ஒன்றின் மூலம், மக்கள் கருத்தைக் கேட்டு, மறுபடி தீர்மானித்தது.

அரச அணை என்பதால் எவரும் கேள்வி கேட்கத் தேவையில்லை என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகிறது. நாம் பின்பற்றிய முன்மாதிரி தானாகவே தன்னைத் திருத்திக்கொண்டது. நாம் அதன் 1940களின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

அனுமதியில் எழுதப்பட வேண்டியவை

இங்கினியாகலை போன்ற நிலையத்தின் அனுமதி மறுபடி எழுதப்படும்போது, வாவியின் பக்கத்திலிருந்து கேட்கக்கூடிய நிபந்தனைகள் எட்டாக் கனிகள் அல்ல. மின்சாரத்தின் பெரும்பகுதியை இழக்காமலே செய்யக்கூடியவைதான்.

முதலாவது, நீர் திறக்கும் பதிவு. எந்த நாளில், எந்த வழியால், எவ்வளவு நீர் போனது என்பது நாளாந்தம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். பதிவு இல்லாமல் வாதம் இல்லை.

இரண்டாவது, ஏற்ற இறக்கத்துக்கு எல்லை. சுழலிகளைத் திடீரென்று கூட்டிக் குறைப்பதற்கு மணித்தியால வரம்பு வைக்கலாம். இதில் இழப்பது மின்சாரத்தின் அளவை அல்ல, அதன் நேரத்தைத்தான்.

மூன்றாவது, வான்பாயும் காலத்துக்கான முன்னறிவித்தல். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் இறுதியிலும் கிழக்கில் வெள்ளம் என்ன செய்தது என்பதை நாம் கண்டோம். 2024இல் காரைதீவில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. அந்த வெள்ளத்துக்கு அணை காரணம் என்று நான் சொல்லவில்லை. கனமழையின்போது மேலே நீர் திறக்கப்படும் செய்தி கீழே கிராமத்துக்கு மணித்தியாலக் கணக்கில் முன்பே சேர வேண்டும், அது நிலையத்தின் கடமையாக எழுதப்பட வேண்டும் என்கிறேன். முகத்துவாரம் வெட்டும் தீர்மானமும் அந்தச் செய்தியோடு இணைய வேண்டும்.

நான்காவது, வாவியில் அளவீடு. தென்கோடியிலிருந்து பாலமீன்மடு வரை சில நிலையான இடங்களில் உப்பு, ஒட்சிசன், உரச் சத்து ஆகியவற்றை ஆண்டு முழுவதும் அளக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் வாவியின் பக்கத்திலேயே இருக்கிறது. செலவு மின்சார வருமானத்திலிருந்து வரவேண்டும். நீரின் பலனை எடுப்பவரே அதன் விளைவை அளக்கும் செலவையும் ஏற்பது நியாயம்.

ஐந்தாவது, ஒரே கூட்டம். இரு மாவட்டங்களின் நீர்ப்பாசனம், மின்சாரம், கடற்றொழில், கமநலம், சுற்றாடல் அதிகாரிகளும், கமக்காரர் அமைப்புகளும், மீனவர் சங்கங்களும் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்பாக ஒரே மேசையில் அமர வேண்டும். போக ஆரம்பக் கூட்டம் நமக்குப் பழக்கமானதுதான். அதில் மீனவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாவது, தவணை. அனுமதிக்கு ஒரு முடிவுத் திகதியும் இடையில் மீள்பரிசீலனையும் இருக்க வேண்டும். மழையின் போக்கு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், இன்று எழுதும் நிபந்தனை இருபது ஆண்டுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

எதிர்வாதமும் பதிலும்

நாட்டுக்கு மின்சாரம் தேவை, 2022இல் மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டில் இருந்ததை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீர்மின்சாரம் எரிபொருள் இறக்குமதி இல்லாத மின்சாரம். ஒவ்வொரு அலகும் டொலரை மிச்சப்படுத்துகிறது, நிலக்கரிப் புகையைக் குறைக்கிறது. இங்கினியாகலையின் சுழலிகள் எப்படியும் வயலுக்குப் போகும் நீரில் ஓடுவதால், அந்த மின்சாரம் மிக மலிவான, மிகத் தூய மின்சாரங்களில் ஒன்று. அதை நிறுத்தச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால் தூய மின்சாரம் என்ற பெயர் கேள்விகளுக்கு விடுமுறை கொடுத்துவிடக் கூடாது. நிலக்கரியின் கேடு புகையாக வானில் தெரிகிறது. நீர்மின்சாரத்தின் கேடு எங்கோ தொலைவில், வேறொருவரின் வலையில், குறைந்த இறாலாகத் தெரிகிறது. அந்தத் தொலைவை எழுத்தில் கொண்டுவருவதே அனுமதி புதுப்பித்தலின் வேலை.

வாவி மீனவர் சங்கங்களும் படுவான்கரைக் கமக்காரர் அமைப்புகளும் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதலாம். இங்கினியாகலை மின் நிலையத்தின் அனுமதிப்பத்திரம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, அது எப்போது முடிகிறது, அதில் உள்ள சுற்றாடல் நிபந்தனைகள் எவை, கடந்த பத்து ஆண்டுகளின் நீர் திறப்புப் பதிவு எங்கே என்ற நான்கு கேள்விகள் போதும். பதிலளிக்க அரச அலுவலகத்துக்குச் சட்டம் 14 வேலை நாட்களைத் தருகிறது. தெளிவான பதில் வந்தால் பேச்சுவார்த்தைக்கு அது முதல் ஆவணம். நிபந்தனை எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த அனுமதிப்பத்திரத்தில் வாவியின் பெயரைச் சேர்க்கக் கோருவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.